ஓகர் ஒன்றா, கோப்ளின் ஒன்பதா? எதிரியை எடைபோட ஒரு எக்ஸெல் ஷீட்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி ஒரு கணக்கு பாக்கி இருக்கும். நாளைக்குக் கொண்டுவந்து நிறுத்தப்போகும் எதிரியை இந்த நாலு பேரும் சமாளிப்பார்களா? ரொம்ப லேசாக இருந்தால் சண்டை சப்பென்று முடிந்துவிடும். ரொம்பக் கடுமையாக இருந்தால், ஒருவர் மாதக்கணக்கில் ஆசையாக வளர்த்த பாத்திரம் அரை மணி நேரத்தில் செத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு எக்ஸெல் ஷீட் செய்து வைத்திருக்கிறேன். அதை எப்படிக் கட்டினேன், அதில் எந்த எண்ணை நம்புகிறேன், எந்த இடத்தில் அது கைகொடுக்காது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். இதே ராத்திரிக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர்) யாருக்காவது உதவும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். மீதி உலகம் முழுக்க, எதிரிகள் உட்பட, டிஎம் கையில் இருக்கும். அடிக்க நினைத்தால் இருபது முகப் பகடையை உருட்டி, தன்னுடைய தாக்குதல் எண்ணைக் கூட்ட வேண்டும். எதிராளிக்கு ஆர்மர் கிளாஸ், சுருக்கமாக ஏசி, என்று ஓர் எண் உண்டு; கூட்டி வந்தது அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி விழும். விழுந்த அடி, ஆளின் தெம்பைக் காட்டும் ஹிட் பாயிண்டில் கழியும். அது பூஜ்யமானால் ஆள் சாய்ந்துவிடுவார். எல்லோருக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்து முடிந்தால் ஒரு ரவுண்டு.

எதிரியின் கடினத்தைச் சொல்ல விதிப்புத்தகத்திலேயே ஒரு எண் உண்டு. சேலஞ்ச் ரேட்டிங், சுருக்கமாக சிஆர். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இது அறிமுகமானது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, நாலு பேர் கொண்ட குழுவின் லெவலும் எதிரியின் சிஆரும் ஒன்றாக இருந்தால், யாரும் சாகாமல் அவர்கள் அந்த எதிரியை வென்றுவிட வேண்டும். சிஆருக்குத் தகுந்தபடி எக்ஸ்பி, அதாவது வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி, உண்டு. சிஆர் கால் என்றால் 50, ஒன்று என்றால் 200, இரண்டு என்றால் 450, மூன்று என்றால் 700. எதிரிகளின் எக்ஸ்பியைக் கூட்டி, குழுவுக்கான வரம்போடு ஒப்பிட்டால் ஈசி, மீடியம், ஹார்ட், டெட்லி என்று ஒரு பதில் வரும். மூன்றாம் லெவலில் நாலு பேருக்கு இந்த வரம்புகள் 300, 600, 900, 1600.

இங்கேதான் ஒரு விஷயம் உறுத்தியது. ஓகர் என்ற ராட்சசன் ஒன்றின் சிஆர் இரண்டு, அதனால் 450 எக்ஸ்பி. கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றுக்கு 50, ஆக ஒன்பது கோப்ளினுக்கும் அதே 450. இரண்டும் ஒன்றா? 2014 புத்தகம் இல்லை என்கிறது. ஏழிலிருந்து பத்து எதிரிவரை இருந்தால் மொத்தத்தை இரண்டரையால் பெருக்கச் சொல்கிறது. 450 என்பது 1125 ஆகி, ஹார்ட் வரம்பைத் தாண்டிவிடும். 2024-இல் வந்த புதிய டிஎம் புத்தகம் இந்தப் பெருக்கலையே எடுத்துவிட்டது. ஆளுக்கு இரண்டு எதிரிக்கு மேல் வைத்தால் சீக்கிரம் சாய்கிற எதிரிகளாகப் பார்த்து வையுங்கள் என்ற எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது. அதன் கணக்கில் இந்த ஒன்பது பேரும் லோ என்ற கீழ்வரம்பான 600-ஐக்கூட எட்டவில்லை. அதே கோப்ளின்கள்தான், ஒரு புத்தகத்துக்கு ஹார்ட், இன்னொன்றுக்கு லோவுக்கும் கீழே. எதை நம்புவது என்று யோசிப்பதைவிட, சண்டையையே கணக்காக ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் மேசையில் இன்னும் 2014 விதிகள்தான். கீழே வரும் எண்களெல்லாம் அதன்படிதான்.

குழுவின் வரிசை

முதலில் மூன்றாம் லெவலில் இருக்கும் எங்கள் நாலு பாத்திரங்களை எழுதினேன். வாள்வீரனான ஃபைட்டர் ஏசி 18, ஹிட் பாயிண்ட் 28. மந்திரம் தெரிந்த பூசாரியான கிளெரிக் ஏசி 18, ஹிட் பாயிண்ட் 24. பதுங்கி அடிக்கும் ரோக் 15, 24. மந்திரவாதியான விசார்ட் 12, 20. மொத்தம் 96 ஹிட் பாயிண்ட். இந்த 96-ஐ மறக்க வேண்டாம். கடைசிவரை எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப்போகிறேன்.

அடுத்து அடி விழும் வாய்ப்பு. 21-ஓடு தாக்குதல் எண்ணைக் கூட்டி, எதிராளியின் ஏசியைக் கழித்து, 20-ஆல் வகுத்தால் கிடைத்துவிடும். எக்ஸெலில் ஒரே ஒரு கட்டம். ஓகரின் தாக்குதல் எண் +6. ஃபைட்டரின் ஏசி 18. 21-உம் 6-உம் 27, அதில் 18 போனால் 9, இருபதில் ஒன்பது என்றால் 45 சதவீதம். விசார்டின் ஏசி 12-க்கு அதுவே 75 சதவீதம். மந்திரத்தைத் தடுக்கும் சேவிங் த்ரோவுக்கும் இதே மாதிரி: எட்ட வேண்டிய எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, எதிராளியின் கூட்டலையும் கழித்து, 20-ஆல் வகுத்தால் தோற்கும் வாய்ப்பு.

பெரிய மந்திரம் எதையும் செலவழிக்காமல் குழு ஒரு ரவுண்டில் ஓகருக்கு எவ்வளவு சேதம் செய்யும்? ஓகரின் ஏசி 11. ஃபைட்டரின் வாள் படும்போது சராசரி 9.5, படும் வாய்ப்பு 75 சதவீதம், ஆக 7.1. ரோக்கின் அம்பு, ஸ்நீக் அட்டாக் என்ற கூடுதல் சேதம் சேர்த்து 13.5, அதே வாய்ப்பில் 10.1. விசார்டின் சின்ன மந்திரம் ஃபயர் போல்ட் 4.1. கிளெரிக்கின் சின்ன மந்திரம் சேக்ரட் ஃபிளேம் 2.9. கூட்டினால் 24-க்குக் கொஞ்சம் மேல். ஓகரின் ஹிட் பாயிண்ட் 59. மூன்றாவது ரவுண்டில் விழுந்துவிடும்.

அதற்குள் ஓகருக்கு அடிக்கக் கிடைப்பது அதிகபட்சம் மூன்று முறை. அதன் கதாயுதம் படும்போது சராசரி 13. நாலு பேரின் ஏசியையும் சேர்த்துப் பார்த்தால் படும் வாய்ப்பு சராசரி 56 சதவீதம், ஆக ஒரு முறைக்கு 7.3. மூன்று முறைக்கு 22. 96-இல் 22 போகிறது. யாராவது ஒருவர் நன்றாக அடிவாங்குவார், அவ்வளவுதான்.

கோப்ளின் வரிசை

கோப்ளினுக்கு ஏசி 15, ஹிட் பாயிண்ட் 7. இங்கே ஒரு நுணுக்கம். ஏழு ஹிட் பாயிண்ட் உள்ளவனை ரோக் 13 சேதத்தில் அடித்தாலும் சாவது ஒருவன்தான், மிச்ச ஆறு வீண். அதனால் ஒவ்வொருவர் சேதத்தையும் ஏழோடு வெட்டி எழுதினேன். ஃபைட்டர் 3.8, ரோக் 3.85, விசார்ட் 2.7, கிளெரிக் 2.2. மொத்தம் 12.5 வாக்கில். ஏழால் வகுத்தால் ரவுண்டுக்கு 1.8 கோப்ளின்.

கோப்ளினின் தாக்குதல் எண் +4, படும்போது 5.5. நாலு பேருக்கும் சராசரி வாய்ப்பு 46 சதவீதம். ஒரு முறைக்கு இரண்டரைதான். பார்த்தால் கொசுக்கடி மாதிரி. ஆனால் எத்தனை முறை? முதல் ரவுண்டில் ஒன்பது, அடுத்ததில் 7.2, பிறகு 5.4, 3.6, 1.8. கூட்டினால் 27 முறை. 27-ஐ இரண்டரைக்குக் கொஞ்சம் மேலான அந்த எண்ணால் பெருக்கினால் 69.

ஓகர் 22. கோப்ளின் கூட்டம் 69. எக்ஸ்பி இரண்டுக்கும் 450.

அந்த 69-உம் குறைத்துச் சொன்ன எண்தான். நாலு பேரும் கடைசிவரை நின்று அடிப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. நிஜத்தில் 69 சேதத்துக்குள் இரண்டு பேராவது சாய்ந்திருப்பார்கள், 1.8 என்ற வேகம் பாதியாகியிருக்கும், கோப்ளினுக்கு இன்னும் முறைகள் கிடைத்திருக்கும். அதுவும் அவர்கள் ஆளுக்கொருவர் என்று பிரிந்து அடிக்காமல், ஒன்பது வில்லையும் விசார்ட் பக்கம் திருப்பினால்? ஏசி 12-க்கு 65 சதவீத வாய்ப்பு, ஒருவனுக்கு 3.6, ஒன்பது பேருக்கு 32. விசார்டிடம் இருப்பது 20.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஆட்டத்துக்கு வெளியிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1916-இல் எழுதியது அது. குறிபார்த்துச் சுடும் இரண்டு படைகளில் ஒரு படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும் என்றார். ஆள் கூடக்கூட அடியும் கூடுகிறது, அந்த அடி நீடிக்கும் நேரமும் கூடுகிறது. என் ஷீட்டில் கோப்ளினை 18 ஆக்கிப் பார்த்தேன். ரவுண்டுக்கு 1.8 சாகிறார்கள் என்றால் அவர்களுக்குக் கிடைப்பது மொத்தம் 99 முறை. எண்ணிக்கை இரண்டு மடங்கு, முறைகள் 27-இலிருந்து 99. கிட்டத்தட்ட நாலு மடங்கு. 2014 புத்தகத்தின் பெருக்கல் அட்டவணை இதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்: 15 எதிரியோ அதற்கு மேலோ என்றால் நாலால் பெருக்கச் சொல்கிறது, 900 எக்ஸ்பி 3600 ஆகிறது, 1125-க்கு இது 3.2 மடங்கு. அட்டவணை பார்க்கத் தொல்லைதான், ஆனால் அதன் உள்ளே இருக்கும் எண்ணம் சரி. அதை எடுத்தது எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

அதனால் ஷீட்டின் நடுவில் நான் பெரிய எழுத்தில் வைத்திருப்பது சிஆர் இல்லை. எதிரிகள் விழுவதற்குள் அவர்களுக்கு மொத்தம் எத்தனை முறை கிடைக்கும் என்ற எண்தான். கடினம் என்று எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பங்கு அந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

சொந்தமாக எதிரி செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2014 முறையில் எதிரியின் தற்காப்புக்கு ஒரு சிஆர், தாக்குதலுக்கு ஒரு சிஆர் போட்டு, இரண்டின் சராசரியை எடுக்கச் சொல்வார்கள். ஹிட் பாயிண்ட் 80, ஏசி 13 என்றால் தற்காப்பு சிஆர் ஒன்று. எல்லா அடியும் பட்டால் ரவுண்டுக்கு 35 சேதம், தாக்குதல் எண் +6 என்றால் தாக்குதல் சிஆர் ஐந்து. சராசரி மூன்று. இதைத் திருப்பிப் போடுங்கள். ஹிட் பாயிண்ட் 140, ஏசி 15 என்றால் தற்காப்பு ஐந்து. 12 சேதம், +3 என்றால் தாக்குதல் ஒன்று. இதுவும் மூன்றுதான். இரண்டுக்கும் 700 எக்ஸ்பி, எங்கள் குழுவுக்கு மீடியம்.

ஷீட்டில் ஓட்டினால் முதல் ஆசாமி நாலு ரவுண்டு நிற்பான், ரவுண்டுக்கு 19, 20 என்று சேதம் செய்து, போகும்போது 96-இல் 78 வரை கொண்டுபோயிருப்பான். இரண்டாமவன் எட்டு ரவுண்டு நிற்பான், செய்யும் சேதம் மொத்தம் 40. முதல் சண்டையில் ஆட்கள் பதறிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவதில் ஐந்தாவது ரவுண்டிலேயே யாராவது போனை எடுத்துவிடுவார்கள். எட்டு ரவுண்டு சண்டை என்பது எங்கள் மேசையில் ஒன்றரை மணி நேரம். அந்த இரண்டாவது எதிரியை நான் கடினம் என்று சொல்ல மாட்டேன், நீளம் என்றுதான் சொல்வேன். எனக்கு இப்போது ஐந்து ரவுண்டைத் தாண்டும் எந்த வரிசையும் ஷீட்டில் சிவப்பாகத் தெரியும்படி வைத்திருக்கிறேன்.

சராசரி மறைக்கும் இன்னொன்று, ஒரே அடி. மூன்றாம் லெவலில் ஓகர் பயமில்லை என்று பார்த்தோம். அதே ஓகரை முதல் லெவல் குழுவிடம் கொண்டுபோனால்? முதல் லெவல் விசார்டின் ஹிட் பாயிண்ட் 8. ஓகரின் அடி, இரண்டு எட்டுமுகப் பகடையும் கூட நாலும். முழு ஹிட் பாயிண்டோடு நிற்கும் விசார்ட் மீது அது பட்டால், சாயாமல் தப்பிக்கும் வாய்ப்பு 100-க்கு ஐந்துகூட இல்லை. சாய்வதோடு போகவில்லை. ஹிட் பாயிண்ட் தீர்ந்த பிறகு மிஞ்சும் சேதம் அந்தப் பாத்திரத்தின் முழு ஹிட் பாயிண்ட் அளவுக்கு இருந்தால் அங்கேயே மரணம், உயிர் பிழைக்க உருட்டும் டெத் சேவிங் த்ரோ கிடையாது. அதாவது 16 சேதம் வந்தால் போதும். இரண்டு எட்டுமுகப் பகடையில் 12-உம் அதற்கு மேலும் விழும் வழிகள் 64-இல் 15. கிட்டத்தட்ட நாலில் ஒன்று. ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில், புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பாத்திரம், அவர் ஒரு பகடைகூட உருட்டாமல், ஒரே அடி பட்டதில் செத்துப்போகும் வாய்ப்பு நாலில் ஒன்று என்றால், அந்த எதிரியை நான் வைக்க மாட்டேன். அல்லது, அது கதாயுதத்தை ஓங்கும் முன்னாலேயே ஓடி ஒளிய ஒரு வழி வைப்பேன். ஷீட்டில் இதற்கு ஒரு தனிக் கட்டம் உண்டு: இந்த எதிரியின் ஓர் அடி, நம்மில் மெலிந்தவரை முழு ஹிட் பாயிண்டிலிருந்து சாய்க்குமா, ஆமா இல்லையா.

யாரிடம் என்ன இருக்கிறது

மேலே போட்டது எல்லாம் பெரிய மந்திரம் இல்லாத கணக்கு. மூன்றாம் லெவல் விசார்டிடம் ஒரே நேரத்தில் பலரைத் தாக்கும் ஷாட்டர் மந்திரம் இருந்து, அதற்கு இரண்டு ஸ்லாட்டும் (ஓய்வு எடுக்கும்வரை இத்தனை முறைதான் என்று மந்திரத்துக்கு உள்ள கணக்கு) மிச்சமிருந்தால் கோப்ளின் கணக்கு அப்படியே மாறும். நெருக்கமாக நிற்கும் நாலு கோப்ளின் மீது போட்டால் மூன்று பேர் போவார்கள், மற்றவர்கள் பங்குக்கு ஒன்றரை. முதல் ரவுண்டிலேயே ஒன்பது நாலரையாகிவிடும். குழு முந்திக்கொண்டால் கோப்ளின்களுக்குக் கிடைப்பது மொத்தம் ஆறு முறைதான், சேதம் 15. கோப்ளின்கள் முந்திக்கொண்டால் 15 முறை, சேதம் 38. ஸ்லாட் தீர்ந்துபோன நேரத்தில் வந்தால் பழைய 69.

அதாவது ஒரே எதிரிக்கு 15, 38, 69 என்று மூன்று விலை. எது என்பதைத் தீர்மானிப்பது எதிரியின் பக்கத்தில் எழுதியிருப்பது எதுவுமில்லை. யார் முதலில் நகர்ந்தார்கள், எவ்வளவு நெருங்கி நின்றார்கள், அன்றைக்குக் காலையிலிருந்து என்ன செலவழித்தார்கள் என்பதுதான். 2014 புத்தகம் ஒரு முழு ஓய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறிலிருந்து எட்டுச் சண்டைவரை தாங்கலாம் என்று வைத்துத்தான் இந்த அட்டவணைகளைப் போட்டிருக்கிறது. எங்கள் மேசையில் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எங்கள் விசார்ட் எப்போதும் பை நிறைய ஸ்லாட்டோடுதான் வருவார். அதனால் மீடியம் என்று புத்தகம் சொல்வது எங்களுக்கு லேசாகவே இருக்கும். இப்போது ஒவ்வொரு சண்டைக்கும் ஷீட்டில் இரண்டு வரி ஓட்டுகிறேன்: காலையில் வந்தால், சாயங்காலம் வந்தால்.

ஓகருக்கும் இதுபோல ஒரு ஓட்டை உண்டு. அதன் விஸ்டம் 7, அதாவது சேவிங் த்ரோவுக்கு 2 குறையும். கிளெரிக் கமாண்ட் மந்திரம் போட்டு, விழு என்று ஒரு சொல் சொன்னால், எட்ட வேண்டிய எண் 13, தோற்கும் வாய்ப்பு 70 சதவீதம். ஓகருக்கு இருப்பதே மூன்று முறை, அதில் ஒன்று போய்விட்டது. தனியாக நிற்கும் எதிரிக்கு இதுதான் பெரிய பலவீனம். ஒன்பது கோப்ளினில் ஒருவனை விழ வைத்தால் எட்டுப் பேர் மிச்சம், ஒரே ஓகரை விழ வைத்தால் அந்த ரவுண்டே காலி.

எண்ணால் பிடிக்கவே முடியாதது ஷேடோ என்ற நிழல்பேய். சிஆர் அரை, 100 எக்ஸ்பி, ஏசி 12, ஹிட் பாயிண்ட் 16. மூன்று ஷேடோ என்றால் பெருக்கலுக்குப் பிறகு 600, சரியாக மீடியம் வரம்பில் நிற்கும். ஆனால் அது தொடும்போது, பலம் (ஸ்ட்ரெங்த்) என்று பாத்திரத்துக்கு எழுதியிருக்கும் எண்ணும் ஒரு நாலுமுகப் பகடை அளவுக்குக் குறையும். பலம் பூஜ்யமானால் மரணம்தான், ஹிட் பாயிண்ட் எவ்வளவு மிச்சமிருந்தாலும் சரி. பலம் 16 உள்ள ஃபைட்டருக்கு இது தொந்தரவு. பலம் 8 உள்ள விசார்டை மூன்றும் சூழ்ந்தால் இரண்டு ரவுண்டில் கதை முடிந்துவிடலாம். மந்திரம் ஏறாத ஆயுதத்துக்குப் பாதிச் சேதம்தான். குழுவில் கிளெரிக் இருந்தாலோ நேர் எதிர். ஒளிச் சேதம் அதற்கு இரட்டிப்பு, பேய்களை விரட்டும் டர்ன் அண்டெட் போட்டால் ஐந்தில் மூன்று பங்கு வாய்ப்பில் ஓடிவிடும். கிளெரிக் ஆடுகிறவர் அன்றைக்கு வரவில்லை என்றால் ஷேடோவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுவேன். ஹிட் பாயிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்காமலே ஆளை முடிக்கும் அல்லது முடக்கும் எதையும் ஷீட்டில் கணக்குப் போடாமல், குறிப்பு என்ற கட்டத்தில் வாக்கியமாகவே எழுதி வைக்கிறேன். பான்ஷீயின் ஓலம், கூலின் நகம் எல்லாம் அங்கேதான்.

ஒரு ஒப்பீட்டுக்காக 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பையும் ஓட்டிப் பார்த்தேன். அங்கே எதிரியின் லெவலுக்கும் குழுவின் லெவலுக்கும் உள்ள வித்தியாசம்தான் விலை. சம லெவல் எதிரிக்கு 40, இரண்டு கூடுதலாக இருந்தால் 80, நாலு கூடினால் 160. நாலு பேர் குழுவுக்கு 80 என்றால் மாடரேட், 120 சிவியர், 160 எக்ஸ்ட்ரீம். தாக்குதலிலும் தற்காப்பிலும் லெவல் அப்படியே கூடுவதாலும், ஏசியைப் பத்தால் தாண்டினால் கிரிட்டிகல் என்பதாலும் லெவல் வித்தியாசம் உடனே உறைக்கும். அந்த அட்டவணையை எனக்குப் பெரும்பாலும் அப்படியே நம்ப முடிகிறது. விலையாக, பத்தாம் லெவல் வீரனுக்கு கோப்ளின் ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும். ஐந்தாம் பதிப்பில் அந்த ஒன்பது வில்லும் பத்தாம் லெவலிலும் கொஞ்சம் குத்தும். எனக்கு அது பிடித்திருப்பதால்தான் இந்த ஷீட் வேலையெல்லாம்.

திருகும் ஆணிகள்

ஷீட் 69 என்று சொல்லிவிட்டது, எனக்கு 40 வேண்டும். என்ன செய்வது? நிறையப் பேர் சண்டை நடுவில் எதிரியின் ஹிட் பாயிண்டைச் சத்தமில்லாமல் குறைத்துவிடுவார்கள். எனக்கு அது ஒத்துவராது. எதிரே இருப்பவர் யோசித்து எடுத்த முடிவுக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்றால், பகடை உருண்ட பிறகு எண்ணைத் தொடக்கூடாது. மாற்றுவதையெல்லாம் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும்.

நல்ல ஆணி, வரும் நேரம். ஒன்பது கோப்ளினையும் ஒன்றாக விடாமல், ஐந்து முன்னால், அந்த ஐந்தும் விழுந்த பிறகு குகைக்குள்ளிருந்து நாலு. முதல் அலைக்கு 9.6 முறை, இரண்டாவதுக்கு 6.6. மொத்தம் 16 சொச்சம், சேதம் 41. அதே கோப்ளின், அதே வில், அதே எண்ணிக்கை. வர்க்கக் கணக்கை நடுவில் வெட்டிவிட்டோம், அவ்வளவுதான்.

இன்னொன்று பழைய பதிப்புகளில் இருந்து எடுத்துக்கொண்டது, மொரால். 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு மன உறுதி எண் இருக்கும். தங்கள் பக்கம் முதல் ஆள் செத்ததும் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒருமுறை, டிஎம் இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுவார். எண்ணைத் தாண்டினால் எதிரி பின்வாங்குவான். கோப்ளினின் எண் 7. எட்டும் அதற்கு மேலும் விழும் வழிகள் 36-இல் 15. இரண்டு முறையும் தாக்குப்பிடித்து, கடைசிவரை நின்று சண்டை போடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். பாதியில் ஓடினாலே 27 முறை என்பது 21 சொச்சமாகிவிடும், முதல் சாவிலேயே ஓடினால் முதல் ரவுண்டோடு கதை முடியும். கோப்ளினுக்கும் உயிர் வெல்லம்தானே. சாகும்வரை நிற்கும் எதிரியைவிட, ஓடித் தப்பி ஆள் கூட்டிக்கொண்டு வரும் எதிரி கதைக்கும் நல்லது. எங்கள் மேசையில் இப்போது எல்லா எதிரிக்கும் இந்த எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுகிறேன்.

இவ்வளவும் டிஎம் பக்கத்துக் கணக்கு. எதிரே இருப்பவர்களுக்கும் எடைபோட ஏதாவது கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடலாமா நிற்கலாமா என்று அவர்கள் எப்படி முடிவெடுப்பார்கள்? ரோக் ஆடும் தம்பி ஒருநாள் நேராகவே கேட்டான்: "அண்ணே, இது எங்க லெவலுக்கு ஆகுமா?" சிஆரைச் சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அந்த எண்ணால் என்ன பிரயோஜனம் என்று மேலே பார்த்துவிட்டோம். அவன் பாத்திரத்தின் கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னேன். "வாசல்ல ஒரு மாடு கிடக்கு. முதுகெலும்பு ஒரே இடத்துல உடைஞ்சிருக்கு. இரண்டாவது அடி விழுந்த அடையாளமே இல்ல." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான், பிறகு விசார்டைப் பின்னால் போகச் சொன்னான். ஷீட்டில் "ஓர் அடியில் சாய்க்குமா" என்ற கட்டத்தில் ஆமா என்று இருந்தால், அதை அவர்கள் பார்க்கும்படி ஏதாவது ஒன்று வழியில் கிடக்க வேண்டும். மூன்று ஷேடோ என்றால் காயமே இல்லாமல், வற்றிப்போய்க் கிடக்கும் ஒரு பிணம்.

இப்போது குழு ஐந்தாம் லெவலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஷீட்டில் ஃபைட்டரின் வரியை இரட்டிப்பாக்க வேண்டும், அவருக்கு இனி ரவுண்டுக்கு இரண்டு தாக்குதல். விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் வரும். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28, தடுத்தாலும் பாதி. ஏழு ஹிட் பாயிண்ட் கோப்ளின் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் போய்விடும். ஒன்பது பேரும் ஒரே இடத்தில் நின்றால் அவர்களுக்குக் கிடைக்கும் முறைகள் பூஜ்யம், பதினெட்டுப் பேர் நின்றாலும் பூஜ்யம். அதனால் கோப்ளின் வரியில் எத்தனை பேர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: 20 அடி ஆர வட்டத்துக்குள் எத்தனை பேர். அந்த எண்ணை மூன்றுக்குள் வைக்கிற மாதிரி குகையின் வரைபடத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.